யோக்யகர்த்தாவில் ஆறு வாரம் தங்கி பாத்திக் கற்பது: எங்கே, எப்படி, எங்கே சொதப்பும்?

#1 நூல்கண்டு

வணக்கம். ஜூலை, ஆகஸ்ட்டில் ஆறு வாரம் கையில் இருக்கிறது. பத்து ஊர் சுற்றி முந்நூறு போட்டோ எடுக்கிற பயணம் வேண்டாம். ஒரே ஊரில் உட்கார்ந்து கைவேலை ஒன்று கற்கவேண்டும். இந்தோனேசியாவின் ஜாவா, பாத்திக் (மெழுகால் கோடு போட்டுச் சாயம் ஏற்றும் துணிவேலை) என்பதுவரை முடிவு செய்தாயிற்று. யோக்யகர்த்தாவா, சோலோவா, பெக்கலோங்கானா? தேடினால் ஒருநாள் வகுப்புகள்தான் வருகின்றன. நீளமாகக் கற்றுத் தருவார்களா? ஆறு வாரத்தில் எதுவரை போகலாம்? விசா எப்படி? சைவம் வேறு.

#2 மெழுகுத்துளி

ஒருநாள் வகுப்பை முதலில் ஒதுக்கிடுங்க. கைக்குட்டை அளவு துணி, அதுல ஏற்கெனவே பென்சில் கோடு, பதமா காய்ச்சி வச்ச மெழுகு. நீங்க கோட்டு மேல கோடு போடுவீங்க. சாயம் வேற ஆள் போடுவார், மெழுகை வேற ஆள் எடுப்பார், சாயங்காலம் துணி கைக்கு வந்துடும். இந்த வேலையில கஷ்டமான மூணு விஷயம் இருக்கு: மெழுகின் சூடு, சாயத்தின் பதம், கடைசியில மெழுகு நீக்கறது. அந்த மூணும் உங்க கண்ணுல படாமலே நாள் முடிஞ்சிருக்கும்.

கேட்கும்போதே இப்படிக் கேளுங்க: "சாயா மாவ் பெலாஜார் மெம்பாதிக், தாரி நோல் சம்பாய் லோரோட்." பூஜ்யத்துல இருந்து லோரோட் வரைக்கும் கத்துக்கணும்னு அர்த்தம். லோரோட்னா மெழுகைக் கொதிநீர்ல எடுக்கறது. இந்த ஒரு வார்த்தையைச் சொன்னாலே, வந்திருக்கிறது செல்ஃபி ஆளா கத்துக்கிற ஆளான்னு பட்டறைக்காரருக்குத் தெரிஞ்சிடும். கட்டணம் பேசும்போது துணி, மெழுகு, சாயம், லோரோட் எல்லாம் அடக்கமா, தனியான்னு நாலையும் தனித்தனியா கேளுங்க. சாயம் எப்பவும் தனியாத்தான் வந்து நிக்கும்.

ஊரைப் பொறுத்தவரை, முதல்முறைன்னா யோக்யகர்த்தா. அரண்மனைப் பாணி, வெள்ளைத் தரை (துணியோட பின்னணி நிறம்), பழுப்பு, கருநீலம். சோலோவும் அரண்மனைப் பாணிதான், ஆனா தரையே கொஞ்சம் மஞ்சள் தட்டின பழுப்பு. லவேயான், கவுமான் ரெண்டும் அங்கே பட்டறைத் தெருக்கள். பெக்கலோங்கான் வடகடற்கரை, நிறைய நிறம், பூ, பறவை, அச்சு வேலையும் அதிகம். யோக்யாவுல தங்கி சோலோவை ரயில்ல போய்ப் பாக்கலாம். கம்யூட்டர் லைன் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல எடுக்கும், டிக்கெட் 8,000 ரூபியாதான்.

#3 தறிக்காரன்

மெழுகுத்துளி சொன்னதோடு ஒன்று. நகருக்குள் தேடுவதைவிட கிரிலோயோ போங்கள். யோக்யாவுக்குத் தெற்கே 17 கிலோமீட்டர் அளவில், இமோகிரி அரச கல்லறைக் குன்றின் அடிவாரம், வுகிர்சாரி கிராமத்தின் ஒரு பகுதி. முன்பு அங்குள்ள பெண்கள் நகர வியாபாரிகளுக்கு மெழுகுக்கோடு மட்டும் போட்டுக் கொடுக்கும் கூலிவேலை செய்தார்கள்; சாயமும் லாபமும் நகரத்தில். 2006 மே 27 நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் குழுக்களாகச் சேர்ந்து சாயம் போடுவது, முடித்துத் தாங்களே விற்பது என்று மாறினார்கள். இன்று துணி முதல் லோரோட் வரை ஒரே முற்றத்தில் நடப்பதைப் பார்க்க முடிகிறது என்றால் காரணம் அது. 2024-இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த கிராமங்கள் பட்டியலில் வுகிர்சாரி இடம்பெற்றது, அதனால் வார இறுதியில் பள்ளிப் பேருந்துகள் வந்து இறங்கும். திங்கள் முதல் வியாழன் வரை உட்காருங்கள், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

அங்கே இயற்கைச் சாயத்தில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

#4 மெழுகுத்துளி

தறிக்காரன் அண்ணே, கிரிலோயோ சரி. இயற்கைச் சாயத்துல தொடங்கறதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஒரு பழுப்பு ஏற ஆறு முதல் பத்து முறை வரை முக்கி, ஒவ்வொரு முறையும் நிழல்ல முழுசாக் காயவைக்கணும். அந்தப் பத்து நாள்ல கத்துக்கறது காத்திருக்கறதை மட்டும்தான். முதல் துணியில தப்பு எங்கேன்னு தெரியணும்னா விளைவு சீக்கிரம் வரணும். நான் சொல்ற வரிசை இது:

முதல் வாரம் முழுக்கக் கழிவுத்துணியில சாந்திங் (மெழுகுக்கோடு போடற கருவி) பயிற்சி. நேர்கோடு, வளைவு, புள்ளி. சாயமே வேண்டாம். ரெண்டாம் வாரம் 40 செ.மீ. சதுரத் துணி ரெண்டு, ரெமசால்ங்கிற சாயத்தைத் தூரிகையால பூசி, அது நிலைக்க வாட்டர்கிளாஸ் திரவம் போட்டு லோரோட் வரைக்கும். மூணாம், நாலாம் வாரம் ஒரு மீட்டர் துணி, நாப்தால்ங்கிற இன்னொரு சாயத்துல ரெண்டு நிறம். கடைசி ரெண்டு வாரம் இயற்கைச் சாயம். அப்பதான் மெழுகு கை பழகியிருக்கும், காத்திருக்கறதுக்கும் அர்த்தம் இருக்கும்.

ரெண்டரை மீட்டர் முழுத்துணி ஆசை வேண்டாம். கைதேர்ந்தவங்களுக்கே நுணுக்கமான பாத்திக் துலிஸ் (முழுக்கக் கையால வரையறது) ஒண்ணு முடிய மாசக்கணக்காகும்.

#5 நூல்கண்டு

நன்றி இருவருக்கும். சாந்திங் பிடிப்பதில் என்ன கஷ்டம்? பேனா மாதிரி இல்லையா?

#6 மெழுகுத்துளி

பேனாவே இல்லை. அங்கேதான் எல்லாரும் மாட்டறாங்க.

சாந்திங்னா மூங்கில் பிடி, அதுல ஒரு சின்னச் செப்புக் கிண்ணம், கிண்ணத்துல இருந்து வளைஞ்சு வர்ற மூக்கு. மூக்கு மெல்லிசா இருந்தா செசெக், புள்ளிக்கும் நுணுக்கத்துக்கும். நடுத்தரம்னா க்ளோவொங், வெளிக்கோட்டுக்கு. அகலமானது தெம்போக், பெரிய இடத்தை மூடறதுக்கு. முதல் நாள் க்ளோவொங் மட்டும் கேளுங்க. செசெக் கொடுத்தா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடைச்சுக்கும், கை பழகாது.

துணி மூங்கில் சட்டத்துல தொங்கும், பேரு காவாங்கான். நீங்க குட்டை ஸ்டூல்ல உக்காந்து, இடது உள்ளங்கையைத் துணிக்கு அடியில கொடுத்து மேல தூக்கிப் பிடிக்கணும். மெழுகை முக்கால் கிண்ணத்துக்கு மேல அள்ளாதீங்க. வாணலி விளிம்புல அடியைத் தேய்ச்சு ஒழுகறதை வழிச்சுட்டு, மூக்கை லேசா ஊதி அடைப்பு எடுத்துட்டு, அப்புறம்தான் துணி. அந்த ஊதலை மறந்தா முதல் சொட்டு கோடா வராது, பொட்டா விழும். கிண்ணத்தைச் சாய்ச்சாத்தான் மெழுகு வரும், நிமித்தினா நிக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தறது விரலோட அழுத்தம் இல்லை, இந்தச் சாய்வுதான். பேனா பழக்கத்துல அழுத்தினா மூக்கு துணியைக் கீறும்.

சூடு சரியான்னு பாக்க தெர்மாமீட்டர் தேவையில்லை. நாலு கோடு போட்டுத் துணியைத் திருப்புங்க. முன்பக்கம் மாதிரியே பின்பக்கமும் கோடு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிஞ்சா சரி. பின்பக்கம் வெளுப்பா, விட்டு விட்டுத் தெரிஞ்சா மெழுகு ஆறிடுச்சு. மேலோட்டமா உக்காந்திருக்கு, சாயத்துல முக்கினதும் அடியில நிறம் புகுந்துடும். கோடு மூக்கைவிட அகலமாப் படர்ந்தா சூடு அதிகம். புகை வந்தா அடுப்பை உடனே குறைக்கணும். தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, மூடி போட்டு மூடணும். மூடி பக்கத்துல இருக்கான்னு முதல் நாளே பாத்துக்குங்க.

எவ்வளவு நல்லா முன்பக்கம் போட்டாலும் பின்பக்கமும் அதே கோட்டு மேல ஒருமுறை போடறது உண்டு, நெருசினு பேரு. நேரம் ரெட்டிப்பாகும். ஆனா பின்பக்கமும் அதே தெளிவோட இருக்கிற துணி இதனாலதான் கிடைக்குது. கடையில அச்சுத்துணியைப் பாத்திக்னு வித்தா கண்டுபிடிக்கறதும் இதை வச்சுத்தான்: பின்பக்கம் மங்கலா இருந்தா பெரும்பாலும் அச்சு.

#7 அவுரி

மெழுகு என்று எல்லாரும் ஒரே சொல்லில் முடிக்கிறீர்கள். அங்கே அதன் பெயர் மாலம், அது ஒரு கலவை. பாரஃபின், தேன்மெழுகு, கோந்தோருகெம் என்கிற பைன் பிசின், மாத்தா குசிங் என்கிற டாமர் பிசின், சில இடங்களில் மாட்டுக் கொழுப்பும். பிசின் கூடினால் நன்றாக ஒட்டும். பாரஃபின் கூடினால் மலிவு, ஆனால் நொறுங்கும். அந்த நொறுங்கலில்தான் சிலந்திவலை மாதிரி விரிசல் கோடுகள் வரும். சுற்றுலாக் கடைகளில் அதைப் "பாத்திக்கின் அடையாளம்" என்று சொல்லி விற்பார்கள். அரண்மனைப் பாணியில் அது தவறு.

சைவர் என்றதால் சொல்கிறேன், கொழுப்பு சேர்க்காத மாலம் கேட்டு வாங்கலாம்.

இன்னொன்று, துணி. மோரி எனும் பாத்திக்குக்கான பருத்தித்துணியில் பிரிமிசிமா உயர்ந்தது, பிரிமா அடுத்தது. பயிற்சிக்குப் பிரிமா போதும். எதுவானாலும் ஆலைக் கஞ்சி போகக் கொதிநீரில் அலசியபின்தான் மெழுகு. இந்தப் படியைத் தாண்டிவிட்டு, "ஏன் சாயம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது?" என்று பின்னால் கேட்பவர்கள் அநேகம்.

#8 நூல்கண்டு

நாப்தால், ரெமசால் இரண்டில் எது எளிது? எது ஆபத்து?

#9 அவுரி

ரெமசால் எளிது. தூளைத் தண்ணீரில் கரைத்து தூரிகையால் பூசி, நன்றாகக் காயவைத்து, மேலே வாட்டர்கிளாஸ் தடவி ஓர் இரவு விட்டு, காலையில் வழவழப்பு போகும்வரை அலசவேண்டும். அவசரப்பட்டு இரண்டு மணி நேரத்தில் அலசினால் நிறம் ஓடி வெள்ளைத் தரை கெடும். நூறில் தொண்ணூறு புகார் இதுதான்.

நாப்தால் இரண்டு தொட்டி. முதல் தொட்டி நாப்தாலும் காஸ்டிக் சோடாவும், இரண்டாவது டயஸோ உப்பு. புழக்கத்திலுள்ள கைக்கணக்கு: நாப்தால் எடையில் பாதி காஸ்டிக், உப்பு நாப்தாலைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு. நாப்தாலை டர்க்கி ரெட் ஆயில் விட்டுக் குழைத்து, கொதிநீர் ஊற்றி, காஸ்டிக் சேர்த்தால் கலங்கல் தெளியவேண்டும். தெளியாவிட்டால் காஸ்டிக் பற்றவில்லை. பிறகு பச்சைத்தண்ணீர் விட்டு முழுக்க ஆறவிட்டுத்தான் துணியை இறக்கவேண்டும், சூட்டோடு இறக்கினால் மெழுகு இளகிவிடும். பாத்திக்குக்கு நாப்தால் வந்ததே குளிர்ந்த தண்ணீரில் வேலை செய்வதால்தான். சொட்டு நின்றபின் உப்புத் தொட்டி. நிறம் கண் முன்னே எழும். முதல் தொட்டியில் ஏஎஸ்-ஜி என்ற நாப்தால் வகையைப் போட்டால் எந்த உப்போடும் மஞ்சள்தான் வரும், தொடங்க அதுவே சுலபம்.

காஸ்டிக் அதிகமானால் மாலத்தில் உள்ள பிசினையும் கொழுப்பையும் சவக்காரமாக்கிக் கரைக்கும். மூன்றாம் முறை முக்கும்போது கோடு கரைந்து போகிறதென்றால் மெழுகைத் திட்டாதீர்கள், தொட்டியைப் பாருங்கள்.

பாதுகாப்பு: ரப்பர் கையுறை முழங்கை வரை, தூள் அளக்கும்போது முகக்கவசம். "ப்ளூ பி" என்ற உப்பை மட்டும் தொடவே வேண்டாம். அதன் மூலப்பொருளான டைஅனிசிடின் ஐரோப்பாவில் தடையுள்ள அமீன்களில் ஒன்று. பட்டறையில் வெறுங்கையால் முக்குகிறவர்களைப் பார்த்து நீங்களும் துணிய வேண்டாம்.

#10 தறிக்காரன்

லோரோட் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே. பெரிய அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கைப்பிடி சோடா ஆஷ், கொஞ்சம் மரவள்ளி மாவுக் கஞ்சி. கஞ்சி எதற்கென்றால், இளகி மிதக்கும் மெழுகு திரும்பத் துணியில் அப்பாமல் இருக்க. துணியை நீளக் கம்பால் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, மேலே எடுத்ததும் நேராகக் குளிர்ந்த தண்ணீரில் போடவேண்டும். இடையில் நின்றால் மெழுகு பழையபடி இறுகும். மிதக்கும் மெழுகை வழித்து வைத்துத் தெம்போக் வேலைக்குத் திரும்பப் பயன்படுத்துவார்கள். இதை ஒருமுறையாவது உங்கள் கையால் செய்யுங்கள். முதல் வாரத்தில் சூடு தவறிப் போட்ட கோடு எது, சரியாகப் போட்டது எது என்று அந்த அண்டாவில்தான் தெரியும்.

இயற்கைச் சாயத்தை நான் இன்னும் விடவில்லை. சோகா பழுப்புக்கு மூன்று மரங்கள்: திங்ஙி, தெகெரான், ஜம்பால். ஜம்பால் நம் சாலையோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் பெருங்கொன்றையேதான். நீலத்துக்கு நம்ம ஊர் அவுரிச் செடி. ஒரே பட்டைச்சாறு, கடைசி முக்கலில் படிகாரம் போட்டால் வெளிர்நிறம், சுண்ணாம்பு போட்டால் நடுத்தரம், அன்னபேதி போட்டால் அடர்த்தி. அந்த மூன்று துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு பாடம். 20 செ.மீ. துண்டுகளாக இரண்டாம் வாரமே தொடங்கி ஓரமாக ஓடவிடுங்கள், மெழுகுத்துளியின் வரிசைக்கும் குறுக்கே வராது.

#11 மெழுகுத்துளி

இதுக்கு ஒத்துக்கறேன் அண்ணே. துண்டுத்துணின்னா சரி.

#12 கணக்கர்

விசா பகுதி என்னுடையது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கி விசா உண்டு, முன்கூட்டி இணையத்திலும் எடுக்கலாம். 5,00,000 ரூபியா, 30 நாள், ஒருமுறை மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். இறங்கிய நாளே முதல் நாள் என்று கணக்கு. ஆறு வாரம் என்றால் நீட்டிப்பு கட்டாயம். முடிய பத்து நாள் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள், புகைப்படத்துக்குக் குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் போகவேண்டி வரும். அந்த நாளில் வகுப்பு வைக்காதீர்கள். கெடு தாண்டினால் நாளுக்கு 10,00,000 ரூபியா அபராதம். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கவேண்டும். விதிகள் மாறும், கிளம்பும் வாரம் குடிவரவுத் துறை தளத்தைப் பாருங்கள். சான்றிதழ் தரும் முறையான படிப்பு என்றால் சுற்றுலா விசா போதாது, நிறுவனத்திடமே கேட்டு அதற்கான விசா எடுக்கவேண்டும்.

ஒரு வருடம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு தர்மசிஸ்வா என்ற இந்தோனேசிய அரசு உதவித்தொகை இருக்கிறது, 1974 முதல். மொழி, கலை, கைவினை ஆகியவற்றை அங்குள்ள பல்கலைக்கழகங்களில் கற்கலாம். அது தவிர, யோக்யாவில் குசுமனெகாரா சாலையில் இருக்கும் அரசு கைவினை, பாத்திக் மையம் சாயத் தொழில்நுட்பப் பயிற்சிகள் நடத்துகிறது. வகுப்பு இந்தோனேசிய மொழியில் இருக்கும்.

#13 ஜாவாச்சோறு

சாப்பாடு, தங்கல், பேச்சு.

தங்க "கோஸ்" தேடுங்க, மாச வாடகை அறை. கோஸ் புத்ரினா பெண்களுக்கு மட்டும், புத்ரானா ஆண்களுக்கு, சம்புர்னா ரெண்டும். பல வீட்டுல கரண்ட் முன்பணம் கட்டற மீட்டர், காசு தீரப்போனா ராத்திரி ரெண்டு மணிக்குப் பீப் பீப்னு கத்தும். கிரிலோயோவுலயே தங்கினா வீட்டுத் தங்கல் உண்டு, தினமும் 17 கிலோமீட்டர் அலைச்சல் மிச்சம்.

சைவம்னா தெம்பே (புளிக்கவச்ச சோயா), தாஹு (டோஃபு) நம்பி வாழலாம். குதெக் பலாக்காய்ல செய்யறதுதான், ஆனா தட்டுல கோழியும், கிரெசெக்னு மாட்டுத்தோலும் சேர்ந்தே வரும். சம்பல்ல தெராசி, அதாவது இறால் விழுது இருக்கும். "தன்பா தாகிங், தன்பா தெராசி", கறி வேண்டாம், இறால் விழுது வேண்டாம்னு சொல்லிப் பழகுங்க.

மொழிக்கு நமக்குக் கொஞ்சம் சலுகை இருக்கு. கப்பல் அங்கே காபால், கடை கெடாய், பெட்டி பெத்தி, முதல் (மூலதனம்) மோடால். ஆனா பட்டறைக்குள்ள பாட்டிமார் பேசறது ஜாவா மொழி. வயசானவங்களை "எம்பா", நடுத்தர வயசுன்னா "பூ", அக்கா வயசுன்னா "எம்பாக்". கூப்பிடாம வேலையைக் கேட்கக்கூடாது. முக்கியமா ஒண்ணு: நீங்க என்ன போட்டாலும் "பாகுஸ்", அதாவது நல்லாயிருக்குன்னுதான் சொல்வாங்க. அது மரியாதை, மதிப்பெண் இல்லை. "அபா யாங் குராங்?", என்ன குறையுதுன்னு கேளுங்க. ரெண்டாம் முறை கேட்டதும் விரலால தொட்டுக் காட்டுவாங்க.

ஜூலை, ஆகஸ்ட் மழையில்லாத காலம், சரியான தேர்வு. நவம்பர் முதல் மார்ச் வரை துணி காயாது, வெயில்ல நிறம் எழும்பற இண்டிகோசால் மாதிரி சாயத்துக்கு வாய்ப்பே இல்லை. லெபாரான் (நோன்புப் பெருநாள்) வாரத்துல எல்லாரும் சொந்த ஊர் போயிடுவாங்க, பட்டறை பூட்டியிருக்கும். அது வருஷா வருஷம் பதினோரு நாள் முன்னால நகரும்.

#14 தறிக்காரன்

உருமாதிரி எதைத் தேர்வது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும். பாராங் எனும் சாய்ந்த வாள்வடிவம் ஒருகாலத்தில் அரச குடும்பத்துக்கு மட்டுமான லாராங்கான், அதாவது மற்றவர்களுக்குத் தடையான உருமாதிரி. பயிற்சிக்கு வரைவதில் தடையில்லை. அதை உடுத்திக்கொண்டு யோக்யா அரண்மனைக்குள் போவதைத் தவிர்க்கவேண்டும். கல்யாணத்துக்கும் பாராங் உடுத்த மாட்டார்கள், சண்டை வரும் என்ற நம்பிக்கை. மணமக்களின் பெற்றோர் உடுத்துவது த்ருந்தும், நட்சத்திரம் தெளித்தது போன்ற சிறு பூக்கள். ஆரம்பத்துக்குக் காவுங், நான்கு நீள்வட்டங்கள் கூடும் வடிவம். கோடு நடுங்கினால் காவுங்கில் உடனே தெரியும். த்ருந்தும் மன்னித்துவிடும், ஆகவே கற்க உதவாது.

#15 நூல்கண்டு

அருமை. கடைசியாக ஒன்று: நம் பக்கத்திலும் மெழுகுத் தடுப்பு வேலை இருந்ததே, கோடாலிக் கருப்பூர்?

#16 அவுரி

ஆம், தஞ்சை மராத்திய அரண்மனைக்கு நெய்த கோடாலிக் கருப்பூர்ச் சேலையில் சரிகையும் மெழுகுத் தடுப்புச் சாயமும் சேர்ந்தே வரும். சோழமண்டலக் கரைத் துணி நூற்றாண்டுக்கணக்கில் ஜாவாவுக்குப் போனது. பெக்கலோங்கானின் ஜிலம்ப்ராங் உருமாதிரி குஜராத்தின் பட்டோலா பட்டுத்துணியைப் பார்த்துப் போட்டது. பெக்கலோங்கான் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் ஒதுக்கினால் அந்தத் தொடர்பு கண்ணில் படும்.

#17 நூல்கண்டு

திரும்பும்போது சாந்திங், மாலம் எல்லாம் கொண்டுவரலாமா?

#18 மெழுகுத்துளி

மாலம் கட்டி ரெண்டு பிளாஸ்டிக் உறையில போட்டு சரக்குப் பையில வைங்க, வெயில்ல நின்னா இளகும். டயஸோ உப்பு, காஸ்டிக் சோடா விமானத்துல ஏத்தவே கூடாது. மெழுகோட இருக்கிற பாதித் துணியை மடிக்காதீங்க, சரக்கறைக் குளிர்ல மடிப்பெல்லாம் விரிசல் விடும். காகிதம் நடுவுல வச்சு உருளையாச் சுத்துங்க. சாந்திங் மூக்கு வளைஞ்சா திரும்ப நேராகாது. ஒவ்வொண்ணையும் மூங்கில் குழாய்ல, மூக்கு உள்பக்கமா, பஞ்சு அடைச்சு. அடைப்பு எடுக்க மெல்லிசான தும்பு ஒரு கட்டு அங்கேயே வாங்கிக்குங்க. ஊசி விடாதீங்க, துவாரம் அகலமாயிடும்.